காரில் ஊர் சுற்றலும் தீம் பார்க்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தோடோ நண்பர்களோடோ காரை எடுத்துக்கொண்டு சில நாள் பயணம் கிளம்புகிறவர்கள், வழியில் ஒன்றிரண்டு தீம் பார்க்குகளையும் சேர்த்துக்கொள்வது வழக்கம். அப்படிக் கிளம்புமுன் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பார்க்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், அது இருக்கும் ஊரிலும் கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஏன் என்பது இரண்டாவது பதிலில் இருக்கிறது.

ஒரே பயணத்தில் எத்தனை பார்க் வைத்துக்கொள்ளலாம்?

எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்தடுத்த நாளில் இரண்டு பெரிய பார்க் வேண்டாம். பெரிய பார்க் ஒன்றில் காலை முதல் இரவு வரை இருந்தால் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்திருப்பீர்கள். வெயிலில் வரிசையில் நின்ற நேரம் தனிக்கணக்கு. மறுநாள் காலை எழுந்ததும் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய் இன்னொரு வாசலில் நின்றால், குழந்தைகள் சிணுங்குவார்கள், பெரியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுவார்கள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே பிட்ஸ்பர்க் பக்கத்தில் கென்னிவுட். அங்கிருந்து கிழக்கே சுமார் மூன்றரை மணி நேர ஓட்டத்தில் ஹெர்ஷிபார்க். அதற்கு வடக்கே இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்குள் கனோபல்ஸ். மேப்பைப் பார்த்தால் மூன்று நாளில் மூன்றும் முடிந்துவிடும் போலத் தெரியும். ஐந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பார்க், மறுநாள் ஊர், அதுவும் மதியம் வரை அவசரமில்லாமல். கடைசி பார்க்கிலும் முதல் பார்க்கின் உற்சாகம் இருக்கும்.

பார்க் பார்க்க வந்த இடத்தில் ஊரை எதற்குச் சுற்ற வேண்டும்?

அந்தப் பார்க் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதற்குப் பதில் பெரும்பாலும் வேலிக்கு வெளியேதான் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க டிராம் கம்பெனிகளுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. வேலைநாளில் வண்டி நிரம்பி வழியும், விடுமுறை நாளில் காலியாக ஓடும். அதற்கு அவர்கள் கண்ட வழி, தடத்தின் கோடியில் ஒரு பூங்காவை அமைத்து, அங்கே போவதற்காகவே மக்களை டிராம் ஏற வைப்பது. 1898-இல் ஒரு டிராம் கம்பெனி அப்படித் தொடங்கியதுதான் கென்னிவுட். பார்க் ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது. மொனோங்கஹீலா ஆற்றின் அக்கரையில், பிராடக் என்ற ஊரில், உருக்குத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1875-இல் தொடங்கிய எட்கர் தாம்சன் உருக்காலை தெரியும். அதே ஊரில் அவர் 1889-இல் திறந்த நூலகக் கட்டடம் இருக்கிறது. அமெரிக்காவில் அவர் கட்டிய முதல் நூலகம் அதுதான். உலைக்களத்தில் வேலை முடிந்து வரும் தொழிலாளர்கள் குளித்துவிட்டுப் போவதற்காக அதன் அடித்தளத்தில் குளியலறைகள் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்தின் கல் சுவருக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்றாலே போதும். ஆற்றின் எதிர்க்கரைப் பூங்கா இந்த மக்களுக்கு விடுமுறை நாளில் என்னவாக இருந்திருக்கும் என்று புரிந்துவிடும். அதற்கப்புறம் கென்னிவுட்டில் 1920-இலிருந்து ஓடும் ஜாக் ராபிட் என்ற மர ரோலர் கோஸ்டரில் ஏறிப் பாருங்கள். அது வேறு மாதிரி இருக்கும்.

ஹெர்ஷிபார்க்கும் அப்படித்தான். மில்டன் ஹெர்ஷி தன் சாக்லேட் ஆலைத் தொழிலாளர்கள் பொழுதுபோக்குவதற்காக 1906-இல் அதைத் திறந்தார். அந்த ஊரின் முக்கியத் தெருக்களுக்கு சாக்லேட் அவென்யூ, கோகோ அவென்யூ என்று பெயர். தெருவிளக்குகள் ஹெர்ஷியின் கிஸ்ஸஸ் என்ற குட்டிச் சாக்லேட் வடிவில் இருக்கின்றன. ஒரு விளக்கு உறை சுற்றியது, அடுத்தது உறை பிரித்தது. காரில் போனால் இதைக் கவனிக்க நேரம் இருக்காது, நடந்தால்தான் தெரியும்.

நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1920-இல் வந்த வொண்டர் வீலும் 1927-இல் வந்த சைக்ளோனும் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஏறிவிட்டு, கடலோர மரப்பலகை நடைபாதையில் கிழக்கே நடந்தால் சற்று நேரத்தில் பிரைட்டன் பீச். கடைப் பலகைகள் ரஷ்ய எழுத்துக்கு மாறிவிடும். டோக்கியோவின் அசகுசா பேட்டையில் சென்சோஜி கோயிலுக்குப் பக்கத்திலேயே, நெருக்கமான தெருக்களுக்கு நடுவில், ஹனயாஷிகி இருக்கிறது. 1853-இல் மலர்த் தோட்டமாகத் தொடங்கியது. அங்கே பார்க் எங்கே முடிகிறது, பேட்டை எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பதே கடினம்.

எல்லா பார்க்குக்கும் இது பொருந்தாது. கலிபோர்னியாவின் அனஹைமில் ஆரஞ்சுத் தோப்பு இருந்த சுமார் 160 ஏக்கரில் டிஸ்னிலேண்ட் 1955-இல் திறந்தது. சீக்கிரமே சுற்றிலும் மோட்டல்களும் கடைகளும் நெருக்கிவிட்டன. அடுத்த பார்க்குக்காகப் புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட இடங்களில் வாசலையொட்டி நடந்தால் விடுதிகளைத்தான் பார்ப்பீர்கள். காரை எடுத்துக்கொண்டு பழைய ஊரின் மையத்துக்குப் போங்கள். 1857-இல் ஜெர்மன் குடியேறிகள் திராட்சை பயிரிடுவதற்காக உருவாக்கிய ஊர் அனஹைம் என்பதை டிஸ்னிலேண்ட் வாசலில் நின்றால் யாராலும் ஊகிக்க முடியாது.

எந்த நாளில் கூட்டம் குறைவு?

செவ்வாய், புதன். பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் கூடாது. குளிர் நாடுகளில் பல பார்க்குகள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதியில் மட்டும் திறப்பவையும் உண்டு. அதனால் வழித்தடம் போடுவதற்கு முன்னால் பார்க்கின் சொந்த இணையதளத்தில் உள்ள காலண்டரைப் பாருங்கள். எந்தெந்த ரைடு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதும் அங்கேயே இருக்கும். ஒரே ஒரு ரைடுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் இது ரொம்ப முக்கியம்.

உள்ளே போனதும் எதில் முதலில் ஏறுவது?

திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வாசலில் இருங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஏறுகிற அளவு மதியம் மூன்று மணி நேரம் நின்றாலும் ஏற முடியாது.

வாசலிலிருந்து தெரியும் பெரிய ரோலர் கோஸ்டருக்குத்தான் எல்லோரும் ஓடுவார்கள். அதை விடுங்கள். வரிசையின் நீளத்தைவிட, அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதுதான் கணக்கு. நிற்காமல் நகர்ந்துகொண்டே ஆளை ஏற்றும் ரைடுகள் மணிக்கு 2000 பேருக்கு மேல் ஏற்றிவிடும். நாலு பேர் மட்டும் உட்காரும் சின்னப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் ரைடுகளும், ஒரு சுற்று முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகுதான் அடுத்த கூட்டத்தை ஏற்றும் சுழல் ராட்டினங்களும், மணிக்குச் சில நூறு பேரைத்தான் ஏற்றும். பார்ப்பதற்குச் சாதாரணமாகத் தெரியும் அந்தச் சின்ன ரைடுகள்தான் பதினொரு மணிக்கெல்லாம் முக்கால் மணி நேரக் காத்திருப்பாக மாறும். காலையிலேயே அவற்றை முடித்துவிடுங்கள். பெரியது மதியம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வரிசையில் சேரும் முன் அந்த ரோலர் கோஸ்டரைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். தடத்தில் இரண்டு ரயில் ஓடுகிறதா, ஒன்று மட்டுமா? ஒன்றுதான் ஓடுகிறது என்றால் அதே நீள வரிசைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நேரம் ஆகும். பலகையில் போட்டிருக்கும் காத்திருப்பு நேரத்தைவிட உங்கள் கண்ணை நம்பலாம். தனியாக ஏறுகிறவர்களுக்குத் தனி வரிசை இருந்தால், பிள்ளைகள் பெரியவர்களாக இருக்கும் குடும்பம் அதில் பிரிந்து ஏறிக்கொள்ளலாம். ஊர்வலம், வாணவேடிக்கை நடக்கும் நேரமும், மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் கூட்டம் குறையும் வேளைகள்.

ரோலர் கோஸ்டரில் முன் சீட் நல்லதா, பின் சீட் நல்லதா?

இரண்டும் வேறு வேறு அனுபவம். சங்கிலி இழுத்து உச்சிக்குக் கொண்டுபோய் விட்ட பிறகு, வழக்கமான ரோலர் கோஸ்டரில் மோட்டார் கிடையாது, புவியீர்ப்புதான் ஓட்டுகிறது. உச்சியைத் தாண்டும்போது முன் பெட்டி மெதுவாகச் சரிந்து தொங்கும், ஏனென்றால் ரயிலின் பெரும்பாகம் இன்னும் பின்னால் ஏறிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் முன்னே போனவை வேகமெடுத்துவிட்டன, அதனால் அது வெடுக்கென்று இழுக்கப்படும். உடம்பு சீட்டிலிருந்து எழும்புகிற அந்த நொடி வேண்டும் என்றால் பின்னால் உட்காருங்கள். கண்ணுக்கு முன்னால் எதுவும் மறைக்காமல் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்றால் முன்னால். முதல் தடவை ஏறுகிறவருக்கு நடுப்பெட்டி.

மர ரோலர் கோஸ்டர் காலையில் ஒரு மாதிரியும் வெயில் ஏறிய பிறகு ஒரு மாதிரியும் ஓடும். சக்கரமும் மசகும் சூடேறினால் வேகம் கூடும். முடிந்தால் இரண்டு வேளையும் ஏறுங்கள்.

பாதியில் நின்றுவிட்டால்? கழன்றுவிட்டால்?

மேலே ஏறும்போது கடகடவென்று ஒரு சத்தம் கேட்குமே, அது பெட்டியின் அடியில் உள்ள ஒரு கொக்கி, தடத்தில் இருக்கும் பற்களில் ஒவ்வொன்றாக விழும் சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாது. ஜான் மில்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இந்த ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்துப் பெட்டியைத் தடத்தோடு பிணைக்கும் முறைக்கு 1919-இல் அவரே காப்புரிமை பெற்றார். செங்குத்தான சரிவுகளைத் துணிந்து கட்ட முடிந்தது அதற்குப் பிறகுதான்.

தடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு ரயில் இருக்கும்வரை அடுத்த ரயில் அதற்குள் நுழையாது, முந்தைய பிரேக்கில் நின்றுவிடும். ஆகவே பாதியில் நிற்பது பெரும்பாலும் பாதுகாப்பு ஏற்பாடு சரியாக வேலை செய்ததன் அடையாளம். நின்றால் நீங்களாகக் கம்பியைத் தளர்த்த முயலாதீர்கள், ஊழியர்கள் வந்து படி வழியாக இறக்கிவிடுவார்கள். செல்போன், கண்ணாடி, தொப்பி எதையும் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். அந்த வேகத்தில் தவறி விழும் போன் கீழே இருப்பவருக்கு ஆபத்து.

குழந்தையின் உயரம் கொஞ்சம்தான் குறைகிறது. கெஞ்சிக் கேட்டால் விடுவார்களா?

கேட்காதீர்கள். உயர அளவு தைரியத்துக்காக வைத்ததல்ல. மடிக்கம்பியும் தோள்பட்டைப் பிடிப்பும் எந்த அளவு உடம்பைத் தாங்கும் என்று பார்த்து வைத்தது. கனமான காலணி போட்டு, முடியைத் தூக்கிக் கட்டி உயரத்தைக் கூட்டிக் காட்டுவது பிள்ளையை ஆபத்தில் தள்ளுவதுதான். கிளம்பும் முன் வீட்டிலேயே அளந்து, எதில் ஏறலாம் என்று குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள். வரிசையின் கடைசியில் தெரிய வந்தால் அழுகையை நிறுத்த முடியாது. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், கழுத்து முதுகு வலி உள்ளவர்களுக்கான எச்சரிக்கைப் பலகையையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

தலைசுற்றலும் வாந்தியும் வராமல் இருக்க என்ன செய்யலாம்?

உள்காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்லும்போது மூளை குழம்புவதால் வருவது அது. காரில் புத்தகம் படித்தால் வருவதும் இதேதான். சுழலும் ராட்டினங்களை அடுத்தடுத்து ஏறாதீர்கள். காலி வயிறும் கூடாது, முட்டச் சாப்பிட்ட வயிறும் கூடாது. ஓடும்போது கண்ணை மூடாமல் தடம் போகும் திசையையோ தூரத்தையோ பாருங்கள்.

மாத்திரை விஷயத்தில் ஓட்டுநர் மட்டும் தனி. பயணக் குமட்டலுக்குக் கடையில் கிடைக்கும் பல மாத்திரைகள் தூக்கத்தை உண்டாக்கும். அன்று வண்டி ஓட்ட வேண்டியவர் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. சுழல் ராட்டினத்திலிருந்து இறங்கிய கையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் கூடாது. தலை தெளியும்வரை நன்றாக உட்கார்ந்திருங்கள்.

பார்க் மூடியதும் இரவோடு இரவாக அடுத்த ஊருக்குப் போய்விடலாமா?

வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நாள் முழுக்க வெயிலில் நின்ற உடம்பு, நள்ளிரவுக்கு மேல் இயல்பாகவே தூக்கத்துக்கு இழுக்கும் வேளை, பின் சீட்டில் எல்லோரும் தூங்குவதால் பேச்சுத்துணையும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தை விரட்டாது. பார்க்கிலிருந்து அரை மணி நேரத்துக்குள் தங்குமிடம் இருக்கட்டும். நீண்ட ஓட்டத்தை மறுநாள் காலைக்கு வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள். பிற்பகல் இரண்டிலிருந்து நாலு வரையும் கண் சொக்கும் நேரம்தான், அந்த வேளையை ஏதாவது ஒரு ஊரைச் சுற்றுவதற்கு வைத்துக்கொள்ளலாம். டயரில் காற்றை வண்டி கிளம்புமுன், டயர் சூடேறாத நிலையில் பாருங்கள்.

முன்பின் தெரியாத பேட்டையை எப்படிச் சுற்றுவது?

காரை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள். நடக்க முடியாத தூரத்தில் இருப்பதை விட்டுவிடுங்கள். பழைய ரயில் நிலையம், சந்தை, ஆற்றுப்பாலம், துறைமுகம், பெரிய வழிபாட்டுத் தலம் இவற்றில் ஏதாவது ஒன்றுதான் அநேகமாக அந்த ஊர் தொடங்கிய இடம். அங்கிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு பேட்டையின் முகம் பிடிபடும். மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையே பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள்.

பொது நூலகம் இருந்தால் கண்டிப்பாக உள்ளே போங்கள். உட்கார இடம், கழிப்பறை, உள்ளூர் வரலாற்றுக்கு ஓர் அலமாரி, அப்புறம் அறிவிப்புப் பலகை. அந்த வாரம் ஊரில் என்ன நடக்கிறது, யார் என்ன விற்கிறார்கள், எந்தப் பள்ளியில் நாடகம் என்றெல்லாம் அந்தப் பலகையில் ஒட்டியிருக்கும். பயணத் தளங்களில் இது எதுவும் வராது. கட்டடங்களின் நெற்றியில் பொறித்திருக்கும் ஆண்டுகளைப் படித்துக்கொண்டே நடங்கள். ஒரே பத்தாண்டில் தெரு முழுக்கக் கட்டியிருந்தால், அந்தப் பத்தாண்டில் அங்கே ஏதோ ஆலையோ ரயிலோ வந்திருக்கிறது. தெருவின் அகலத்தையும் பாருங்கள். தேவைக்கு மேல் அகலமான பழைய தெருவில் ஒரு காலத்தில் டிராம் ஓடியிருக்க வாய்ப்பு உண்டு.

யாரிடமாவது பேச வேண்டும் என்றால், “இங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்காதீர்கள். வழக்கமான இரண்டு இடங்களைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். “உங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்?” என்று கேளுங்கள். அப்போது கொஞ்சம் யோசித்துச் சொல்வார்கள், அந்தப் பதிலை நம்பிப் போகலாம்.

அங்கே வசிக்கிறவர்களுக்குத் தொந்தரவாக இருக்காதா?

இருக்கும், நாம் அப்படி நடந்துகொண்டால். வசிப்பவர்களுக்கு ஒதுக்கிய பார்க்கிங்கில் நிறுத்தாதீர்கள். வீட்டு ஜன்னலையும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், பிறர் குழந்தைகளை எடுக்கவே கூடாது. கூட்டமாகத் தெருவை அடைத்துக்கொண்டு நடக்காமல் இரண்டிரண்டு பேராகப் போங்கள். வறுமையில் இருக்கும் பேட்டை என்றால் அதைக் காட்சிப்பொருளாக்க வேண்டாம். பிராடக் போன்ற இடங்கள் ஆலை வேலைகள் குறைந்ததால் மக்கள்தொகையில் பெரும்பகுதியை இழந்தவை. மூடிய கடைகளைப் படம் பிடித்துப் போடுவதைவிட, திறந்திருக்கும் ஒரு கடையில் ஏதாவது வாங்குவது அந்த ஊருக்கு உதவி.

காரில் என்ன விட்டுவிட்டுப் போகலாம்?

கண்ணுக்குத் தெரியும்படி எதையும் விடாதீர்கள். பையை டிக்கியில் வைப்பதென்றால் வந்து நிறுத்தும் முன்பே வைத்துவிடுங்கள், நிறுத்திய இடத்தில் எல்லோரும் பார்க்க வைக்க வேண்டாம். வெயிலில் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி கூடும். குழந்தையையும் நாயையும் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. இன்சுலின் போன்ற மருந்துகளும் உங்களோடு வர வேண்டும்.

எங்களில் சிலர் எதிலும் ஏறமாட்டார்கள். அவர்களுக்கும் முழு டிக்கெட் எடுக்க வேண்டுமா?

பார்க்கைப் பொறுத்தது. வாசலிலேயே எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்குவது ஒரு முறை. நுழைவு தனி, ரைடுக்குத் தனி என்பது இன்னொன்று. 1843-இல் திறந்த கோபன்ஹேகனின் டிவோலி இந்த வகை. நுழைவே இலவசமாக, ஏறும் ரைடுக்கு மட்டும் காசு வாங்கும் இடங்களும் இருக்கின்றன. 1583-இலிருந்து தன் வரலாற்றைச் சொல்லும் டென்மார்க்கின் பாக்கன், 1897-இல் கட்டிய ராட்சத ராட்டினம் நிற்கும் வியன்னாவின் பிராட்டர், மேலே சொன்ன கனோபல்ஸ் மூன்றும் அப்படித்தான். பாட்டி தாத்தாவோடு போகிறவர்களுக்கு இவைதான் தோது. மரநிழலில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகள் ஏறுவதைப் பார்க்கலாம், அலுத்தால் வெளியே நடந்துவிட்டுத் திரும்பி வரலாம். கனோபல்ஸில் ஃபீனிக்ஸ் என்ற மர ரோலர் கோஸ்டரைக் காட்டுங்கள். 1947-இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் கட்டி, பின்னர் அதைப் பிரித்துக் கொண்டுவந்து 1985-இல் இங்கே திரும்ப ஓட விட்டார்கள்.

பார்க் நாளில் மழை வந்துவிட்டால்?

லேசான தூறலில் பல ரைடுகள் ஓடும். மின்னலோ பலத்த காற்றோ வந்தால் உயரமானவை எல்லாம் நிற்கும், இடி ஓய்ந்த பிறகும் சோதனை ஓட்டம் முடிந்துதான் திறப்பார்கள். அதற்குள் பாதிப் பேர் வாசலைப் பார்த்து நடந்துவிடுவார்கள். கூரைக்குள் ஓடும் ரைடிலோ காட்சி அரங்கிலோ ஒரு மணி நேரம் தள்ளிவிட்டால், மழைக்குப் பின் வரிசையே இல்லாமல் ஏறலாம். நாள் முழுக்க அடைமழை என்று வானிலை சொன்னால், பார்க் நாளையும் ஊர் நாளையும் மாற்றிப்போட முடிகிறதா என்று முந்தின இரவே பாருங்கள். தேதி மாற்ற இடம் தரும் டிக்கெட்டா என்பதை வாங்கும்போதே படித்திருந்தால் இது சுலபம்.